குக்கர் சைஸுல ஒரு கம்ப்யூட்டர்!

இந்த வாரம் ஒரே ஒரு லெட்டர்தான். கொஞ்சம் பெரிய கேள்வி. அதனால பக்கம் முழுசையும் அதுக்கே எழுதிக் கொடுத்தாச்சு.

ஆர்க்கிடெக்சர் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. ‘‘அண்ணா, ஹாஸ்டல்ல ரூமுக்கு மூணு பேர். எனக்குக் கிடைச்ச மேஜை ரொம்பச் சின்னது. மானிட்டர், டிராயிங் ஷீட் போக மீதி இருக்கிற இடத்துல கம்ப்யூட்டர் நிக்கணும். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ பஸ்ல எடுத்துட்டுப் போகணும். 3டி மாடல், ரெண்டரிங் எல்லாம் ஓடணும். அப்பா சீட்டு எடுத்துப் பணம் தர்றார். ஒரு தடவைதான் தருவார். குட்டி கேபினெட்ல நானே அசெம்பிள் பண்ணலாமா?’’

பண்ணலாம் தங்கச்சி, தாராளமா பண்ணலாம். ஆனா ‘ஒரு தடவைதான் தருவார்’னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, என் கண்ணு அதுலயேதான் நிக்குது. பெரிய கேபினெட்ல ஏதாவது பார்ட் கொஞ்சம் தடியா இருந்தாலும் எப்படியோ உள்ளே தள்ளி மூடிடலாம். குட்டி கேபினெட்ல 3 மில்லிமீட்டர் கூடினாலும் மூடி மூடாது. கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனா, ‘பிரித்த பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ங்கற போர்டை விரலால காட்டுவாங்க. அவ்ளோதான், சீட்டுப் பணம் ஸ்வாஹா!

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தினமும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிட்டுப் போகணும்னா பேசாம லேப்டாப் வாங்கிடுங்க. ரூமுல ஒரு இடத்துல நிக்கணும், வருஷத்துல நாலு தடவை ஊருக்குப் போய் வரணும், நாளைக்கு ஒரு பார்ட்டை மட்டும் கழட்டி மாத்திக்கணும்... இப்படி இருந்தாதான் இந்தக் குட்டி ராஜா உங்களுக்கு.

லிட்டர் கணக்கு

குட்டிக் கம்ப்யூட்டர்காரங்க எல்லாத்தையும் லிட்டர்லதான் பேசுவாங்க. பால் வாங்கற மாதிரி! நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி, ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வந்துடும். கடையில பார்க்கிற சாதாரண டவர் கேபினெட் நாற்பது லிட்டரைத் தாண்டும். அதாவது வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் ரெண்டை அடுக்கி வெச்ச சைஸ். ஒரே ஒரு கேன், அதாவது 20 லிட்டருக்குக் கீழே வந்தா ‘சின்ன கேபினெட்’னு ஒத்துப்பாங்க. பத்துக்குக் கீழே போனாதான் ஆட்டம் சூடு பிடிக்கும். அது நம்ம வீட்டுப் பெரிய குக்கர் சைஸ்.

இந்த ஆட்டத்தை ஆரம்பிச்சு வெச்சது தைவானின் வியா கம்பெனி. 2001-ல அவங்க ‘மினி-ஐடிஎக்ஸ்’னு ஒரு மதர்போர்டு அளவைக் கொண்டு வந்தாங்க. 170-க்கு 170 மில்லிமீட்டர், சதுரம். சாதாரண ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244. ஏறக்குறைய நோட்டுப் புத்தகத்துக்கும் கைக்குட்டைக்கும் உள்ள வித்தியாசம். அந்தக் காலத்து மினி போர்டுல ஓடினது ரொம்ப சாதுவான பிராசஸர். ஆசாமிகள் அதைப் பழைய ரேடியோ பெட்டிக்குள்ளே எல்லாம் ஒளிச்சு வெச்சு விளையாடினாங்க. இன்னைக்கு அதே 170 மில்லிமீட்டர் சதுரத்துல பெரிய டவர்ல ஓடற அதே பிராசஸர் உட்காரும். ஒரே ஒரு கிராஃபிக்ஸ் ஸ்லாட், ரெண்டு ரேம் ஸ்லாட். படிக்கிற பசங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

இன்னொரு பக்கம், இதைவிடக் குட்டியான ரெடிமேட் கிட்டும் உண்டு. ஆஸ்ராக் கம்பெனியோட டெஸ்க்மினி எக்ஸ்300-னு ஒண்ணு 2020-ல வந்தது. அளவு 155, 155, 80 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்க, 1.92 லிட்டர்! கேபினெட், மதர்போர்டு, லேப்டாப் மாதிரி 120 வாட் அடாப்டர் எல்லாம் சேர்த்தே வரும். பிராசஸர், லேப்டாப் ரேம், எஸ்எஸ்டி, கூலர் மட்டும் நாம போட்டா போதும். புரோகிராமிங் படிக்கிற பசங்களுக்கு, கல்லூரி புராஜெக்ட்டுக்கு, படம் பார்க்க எல்லாம் செம அயிட்டம்.

ஆனா தங்கச்சிக்கு இது வேண்டாம். ரெண்டு காரணம். முதல் காரணம், அதுக்குள்ளே தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடமே கிடையாது. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் வரைக்கும் பிராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் சமாளிச்சுடும். ஃபைனல் இயர்ல லுமியான் மாதிரி சாஃப்ட்வேர்ல கட்டடத்தை ஓடவிட்டுக் காட்டணும்னு சார் சொன்னா, தனி கார்டு இல்லாம கதை நடக்காது. ரெண்டாவது காரணம், அந்த போர்டு அளவு வேற. அந்த அளவுல போர்டு செய்யற கம்பெனிகள் ரொம்பக் கம்மி. வாரன்ட்டி முடிஞ்சு போர்டு போயிடுச்சுனா, வெறும் போர்டு மட்டும் தேடி அலையணும். மினி-ஐடிஎக்ஸ்ல அந்தத் தொல்லை இல்லை. 2001-ல வெச்ச அதே அளவு, அதே ஸ்குரூ ஓட்டை. இந்தக் கம்பெனி போர்டு போனா அந்தக் கம்பெனி போர்டு உட்கார்ந்துடும்.

ஸோ, நமக்குத் தேவை மினி-ஐடிஎக்ஸ், கூடவே கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இடம் இருக்கிற கேபினெட்.

முதுகோடு முதுகு

இந்த வகையில ஒரு ஜெர்மன்காரரோட பேரைச் சொல்லியே ஆகணும். டேனியல் ஹான்சன். தனக்குப் பிடிச்ச கேபினெட் கடையில கிடைக்கலைனு தானே வரைஞ்சு, 2016-ல கிக்ஸ்டார்ட்டர்ல ஜனங்ககிட்ட பணம் திரட்டி ‘டான் ஏ4’னு ஒண்ணு கொண்டு வந்தார். 7.2 லிட்டர்தான். அதுக்குள்ளே முழு நீளக் கிராஃபிக்ஸ் கார்டு!

எப்படி? சாண்ட்விச் ஐடியா. சாதாரணமா கார்டு மதர்போர்டுல செங்குத்தா நிக்கும். இதுல மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு இன்னொரு பக்கம், நடுவுல ஒரு தகடு. ரெண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிக்கிற மாதிரி. ரெண்டையும் இணைக்க ‘ரைசர்’னு ஒரு பட்டை கேபிள். இன்னைக்குக் கிடைக்கிற குட்டி கேபினெட்ல நிறைய இந்த வம்சம்தான்.

அந்த ரைசர்தான் இந்தக் கதையில கொஞ்சம் வில்லத்தனம் பண்ற ஆள். என்இசட்எக்ஸ்டி கம்பெனி 2020-ல ஹெச்1-னு ஒரு அழகான குட்டி கேபினெட்டை விட்டது. அமெரிக்காவில 350 டாலர். எஸ்எம்பிஎஸ், வாட்டர் கூலர் எல்லாம் உள்ளேயே இருக்கும். வாங்கினவங்க கொண்டாடினாங்க. பார்த்தா, ரைசரைக் கேபினெட்டோட பிடிச்சு வெக்கிற ரெண்டே ரெண்டு இரும்பு ஸ்குரூ, ரைசரோட சர்க்யூட் போர்டுல ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்குனு தெரிய வந்தது. முதல்ல நைலான் ஸ்குரூ அனுப்பறோம்னாங்க. அது போதாதுனு ஆகி, 2021 பிப்ரவரியில அமெரிக்காவில மட்டும் சுமார் 32,000 கேபினெட்டுகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. போர்டு சூடானதா, தீப்பிடிச்சதா 11 புகார்கள். ரெண்டு ஸ்குரூ பாஸ்! ஆகவே, கேபினெட் அழகா இருக்குனு ஊர் பேர் தெரியாத ரைசரோட மலிவா வந்தா எனக்குக் கை நடுங்கும். அப்படி மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம்.

ரைசர்ல இன்னொரு சமாச்சாரம். அது எந்தத் தலைமுறைக்குச் செஞ்சதுனு பார்த்து வாங்குங்க. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3-ஐ விட 4-க்கு வேகம் ரெண்டு மடங்கு. மூணுக்குச் செஞ்ச பட்டையில நாலாவது தலைமுறை சிக்னலை ஓட்டினா, மானிட்டர் கறுப்பா நிக்கும், இல்லைனா நடுவுல நடுவுல தொங்கும். கார்டு போச்சுனு பதறுவீங்க. ஆனா கார்டு நல்லாவே இருக்கும். பயாஸ்ல போய் ஸ்லாட் வேகத்தை ‘ஜென் 3’னு மாத்தினா சரியாயிடும். கறுப்பு ஸ்கிரீன்ல பயாஸுக்குள்ளே எப்படிப் போறது? மானிட்டர் கேபிளைக் கார்டுல இருந்து பிடுங்கி மதர்போர்டுல குத்திப் பாருங்க. பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது இங்கே உயிரைக் காப்பாத்தும்.

மே மாசத்துக்குத் தனிக் கணக்கு

2000-ல ஆப்பிள் ‘பவர் மேக் ஜி4 க்யூப்’னு ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி குட்டிக் கம்ப்யூட்டர் விட்டது. எட்டு அங்குல க்யூப், ஃபேனே கிடையாது. சூடான காத்து தானா மேலே போகட்டும்னு விட்டுட்டாங்க. பார்க்க நகை மாதிரி இருக்கும். விலை 1,799 டாலர். சரியா ஒரே வருஷம், 2001 ஜூலையில தயாரிப்பை நிறுத்தி வெச்சாங்க. விலைதான் அதைக் கவுத்தது, சூடு இல்லை. அந்தக் காலத்து பிராசஸருக்கு அந்த வித்தை செல்லுபடியாச்சு. இன்னைக்கு நாம போடற சரக்குக்கு, அதுவும் நம்ம ஊர் வெயில்ல, ஃபேன் இல்லாம முடியாது.

ஒரு உதாரணம். டப்பாவுல ‘65 வாட்’னு போட்டிருக்கிற ஏஎம்டி பிராசஸர், முழு வேகத்துல ஓடும்போது 88 வாட் வரைக்கும் இழுக்கும். அந்த 88 வாட்டும் கடைசியில சூடாத்தான் வெளியே வரணும். பழைய குண்டு பல்பை டிபன் பாக்ஸுக்குள்ளே வெச்சு மூடின மாதிரி. இதுல குட்டி கேபினெட், பெரிய கேபினெட் வித்தியாசம் கிடையாது, வர்ற சூடு ஒண்ணுதான். அதை வெளியே தள்ள வேண்டிய கூலர்தான் இங்கே பாதி உயரத்துல இருக்கு.

இன்னொரு கணக்கு. கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரூமைவிட பிராசஸரைக் குளிர்ச்சியாக்க முடியாது. ரூம் சூட்டுக்கு மேல எத்தனை டிகிரியில நிறுத்தி வெக்குதுங்கறதுதான் அதோட கெட்டிக்காரத்தனம். வெளிநாட்டு ரிவ்யூவில 24 டிகிரி ஏசி ரூம்ல வெச்சு ‘78 டிகிரிதான், சூப்பர்’னு சர்ட்டிஃபிகேட் கொடுப்பாங்க. அதே பெட்டி மே மாசம் 38 டிகிரி ஹாஸ்டல் ரூமுக்கு வந்தா 92! பிராசஸரோட எல்லை 95. அதைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். எரிஞ்சு போகாது, ஆனா ரெண்டரிங் ஆமை மாதிரி நகரும், ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் தலையணையை எடுத்து உங்க மேலேயே வீசுவாங்க.

இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள், காசும் ஆகாது. பயாஸ்ல ‘ஈகோ மோட்’ போட்டு 45 வாட் பிராசஸர் மாதிரி ஓட்டுங்க. 88 வாட் உச்சம் 61-க்கு இறங்கும். வேகம் குறையும், ஆனா வாட் குறையற அளவுக்குக் குறையாது. குட்டி கேபினெட்ல நான் முதல் நாளே போடற செட்டிங் இது. டிசம்பர்ல வேணும்னா எடுத்துடலாம்.

கூலர் வாங்கும்போது கேபினெட் டப்பாவில ‘கூலர் உயரம் இவ்வளவு’னு போட்டிருக்கிறதைப் பார்த்து வாங்குங்க. நாக்டுவா எல்9 மாதிரி குள்ளக் கூலர் 37 மில்லிமீட்டர்தான். தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 வகையில ஒண்ணு 47. டான் ஏ4 கேபினெட்டோட எல்லை 48. ஆக 47 உட்காரும், ஐம்பது உட்காராது. இதுல ‘கொஞ்சம் அட்ஜஸ்ட்’ எல்லாம் கிடையாது. கலர் கலரா விளக்கு எரியற உயரமான ரேமும் வேண்டாம், கூலர்ல இடிக்கும். மொட்டை ரேம் 31 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதை வாங்குங்க.

எதை வாங்கறது?

பணம் ஒரே தடவை வர்றதால, எல்லாத்தையும் முதல் நாளே அரைகுறையா வாங்காதீங்க. கேபினெட், எஸ்எம்பிஎஸ், போர்டு மூணையும் உருப்படியா எடுங்க. கிராஃபிக்ஸ் கார்டை ஃபைனல் இயருக்குத் தள்ளி வெச்சு, அதுக்கான பணத்தை பேங்க்ல போட்டு வெச்சுடுங்க. அதுவரைக்கும் ரைசன் 5 8600ஜி மாதிரி உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற பிராசஸர் சமாளிக்கும். 2024 ஜனவரியில வந்தது. இங்கே ஒரு கண்ணி இருக்கு, உஷார். அதோட தம்பி 8500ஜி விலை கம்மியா இருக்கும், கடைக்காரர் ‘ரெண்டும் ஆறு கோர்தான்’னு சொல்வார். உண்மைதான். ஆனா 8600ஜி-யில கிராஃபிக்ஸ் கார்டுக்கு எட்டு பாதை, 8500ஜி-யில நாலே நாலு. நாளைக்குக் கார்டு போடப்போற ஆளுக்கு எட்டுதான் சரி.

ரேம் ரெண்டு துண்டா வாங்குங்க. 16 ஜிபி வேணும்னா எட்டும் எட்டும், 32 வேணும்னா பதினாறும் பதினாறும். உள் கிராஃபிக்ஸ் ரேமைத்தான் தன் மெமரியா எடுத்துக்கும். ஒரே துண்டு போட்டா அதுக்குப் பாதி வழிதான் திறக்கும். 2025 கடைசி மாசங்கள்ல ரேம் விலை தாறுமாறா ஏறினது ஞாபகம் இருக்கும். அதனால பட்ஜெட் போடும்போது பழைய விலையை நம்பாம, கிளம்பறதுக்கு முந்தின நாள் நாலு கடையில போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

எஸ்எம்பிஎஸ் ‘எஸ்எஃப்எக்ஸ்’ அளவுல இருக்கணும். 125-க்கு 100-க்கு 63.5 மில்லிமீட்டர். சாதாரண எஸ்எம்பிஎஸ்ல பாதிகூட இருக்காது, ஆனா விலை அதைவிடக் கூட. வலிக்கும்தான், வேற வழியில்லை. எத்தனை வாட்? பிராசஸருக்கு 88. 2023-ல வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115, 2025-ல வந்த 5060-க்கு 145. மத்ததுக்கு ஒரு ஐம்பது வெச்சாலும் முன்னூறைத் தாண்டலை. நல்ல கம்பெனி 450 வாட் தாராளம். 850 வாட் வாங்கச் சொல்ற நண்பர்கிட்ட டீ வாங்கிக் குடிச்சுட்டு வந்துடுங்க.

அப்புறம் ஒண்ணு, தடிமனா அடிக்கோடு போட்டுக்குங்க. கழட்டி மாட்டற கேபிள் இருக்கிற எஸ்எம்பிஎஸ்ல, அதோட டப்பாவில வந்த கேபிளை மட்டும்தான் குத்தணும். சீனியரோட பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் நீளமா இருக்குனு எடுத்துக் குத்தினா, முனை பொருந்தும். ஆனா உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னிரண்டு போனா, எஸ்எஸ்டியும் உள்ளே இருக்கிற உங்க மூணு வருஷ டிசைனும் டாட்டா.

ஸ்குரூ டிரைவர் எடுங்க

அசெம்பிள் பண்றதுல பயப்பட ஒண்ணுமில்லை, வரிசைதான் முக்கியம். மதர்போர்டு வந்த அட்டை டப்பா மேலேயே போர்டை வையுங்க. பெட்ஷீட் மேல வேண்டாம். பிராசஸர், ரேம், கூலர் எல்லாம் கேபினெட்டுக்கு வெளியவே மாட்டுங்க. எஸ்எஸ்டியையும் மறக்காதீங்க, நிறைய மினி போர்டுல ரெண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட் போர்டோட முதுகுல இருக்கும். போர்டை ஸ்குரூ போட்டு இறுக்கினப்புறம் அதுக்குள்ளே விரல் போகாது. எஸ்எம்பிஎஸ், மானிட்டர் மாட்டி, வெளியவே ஒரு தடவை ஆன் பண்ணி பயாஸ் வருதானு பாருங்க. வந்துடுச்சா? அப்புறம்தான் கேபினெட் பக்கம் போகணும்.

உள்ளே இறக்கும்போது, பிராசஸருக்குப் போற எட்டு பின் கேபிளை முதல்லயே குத்திடுங்க. எஸ்எம்பிஎஸ் உட்கார்ந்தப்புறம் அந்த மூலைக்குக் கை போகாது. 24 பின் கேபிள் முரட்டுப் பயல், மடங்க மாட்டான். அவனை எந்தப் பக்கமா சுத்தி விடறதுனு முன்னாடியே யோசிச்சுக்குங்க. எந்த வயரும் ஃபேன் இறக்கையைத் தொடக்கூடாது. முதல் தடவை பண்றவங்களுக்கு மூணு, நாலு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை ராத்திரி வார்டன் லைட் அணைக்கிற நேரத்துல ஆரம்பிக்காதீங்க, ஞாயிறு காலையில உட்காருங்க.

மேஜையில வெக்கும்போது ரெண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி விடணும். சாண்ட்விச் கேபினெட் ரெண்டு பக்கமும் மூச்சு விடற ஜீவன். ஒரு பக்கம் சுவத்தோட ஒட்டினா ஒரு நுரையீரலை அடைச்ச மாதிரி. மாசம் ஒரு தடவை பெயின்ட் பிரஷ்ஷால தூசி தட்டுங்க.

முக்கியமா ஹாஸ்டல் பிளக் பாயின்ட்டைப் பாருங்க. பெரும்பாலான கேபினெட் முழு உலோகம். எர்த் சரியில்லாத பாயின்ட்ல மாட்டினா, தொடும்போது ‘ஜிவ்’வுனு இழுக்கும். அது கம்ப்யூட்டர் கெட்டுப்போனதுனு அர்த்தமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளே இருக்கிற ஃபில்டர், எர்த்துக்கு விட வேண்டிய துளி கரன்ட்டைப் போக இடமில்லாம கேபினெட்டுல விடுது. மூணு பின்னை ரெண்டு பின்னா மாத்தற குட்டி அடாப்டரை உடனே தூக்கிக் குப்பையில போடுங்க. எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்க.

ஊருக்குக் கிளம்பும்போது துண்டுல சுத்தி, முதுகுப் பையில வெச்சு, மடியிலேயே வெச்சுக்குங்க. பஸ் டிக்கியில போடாதீங்க. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினப்புறம் வேற வழியில்லாம டிக்கியில போடணும்னா, கார்டைக் கழட்டித் தனியா கையில எடுத்துட்டுப் போங்க. நாலே ஸ்குரூதான்.

கடைக்குப் போகும்போது பையில ஒரு ஸ்கேல் இருக்கட்டும். கேபினெட்டோட கூலர் உயரம், கார்டு நீளம், கார்டு தடிமன், எஸ்எம்பிஎஸ் வகை... இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போங்க. பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இருக்கானு பார்த்துட்டு அப்புறம் பணத்தை நீட்டுங்க. ஆல் தி பெஸ்ட் தங்கச்சி! ஆன் ஆனதும் ஒரு வரி எழுதிப் போடுங்க.